கரையில் மூன்று நிறுத்தம்

அத்தியாயம் 14

தட்டில் பாதிச் சோறு கிடக்க, ரோச் கை கழுவிக்கொண்டு போனானே, அந்தத் தட்டை மறுநாள் விடியும்வரை பிலோமினா எடுக்கவில்லை. அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவான் என்று ஒரு நப்பாசை. வரவில்லை. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து போய்விட்டது. பூசையில் அண்ணன் ஒரு தூணுக்குப் பின்னால், புருஷன் இன்னொரு தூணுக்குப் பின்னால். நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் பிலோமினா.

இத்தனைக்கும் அன்று புருஷன் வளன் சொன்னது ஒரே ஒரு வரி. "நாளையிலருந்து என் கயித்த நீ பிடிக்க வேண்டாம் மச்சான்." காரணம் கேட்டதற்கு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

தூத்துக்குடிக் கரையில் இது லேசான பேச்சு இல்லை. முத்துக் குளித்த காலம் ஓய்ந்து இப்போது சங்குதான் என்றாலும் கயிறு அதே கயிறு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே முங்குகிறவனுக்கு அது ஒன்றுதான் துணை. அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? கூலிக்காரன் கொட்டாவி விடுவான். பங்காளி வேறு கணக்குப் போடுவான். மச்சான்தான் தங்கச்சி தாலியை நினைத்துக்கொண்டு கண் இமைக்காமல் உட்கார்ந்திருப்பான். கல்யாணமான நாளிலிருந்து வளன் கயிறு ரோச் கையில்தான் இருந்தது. இருவரும் ஒரு வயதுக்காரர்கள், வாடா போடா சிநேகிதம். இப்போது பெரியதாழையிலிருந்து வந்த சிலுவை என்ற கூலிக்காரன் வள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கடைக்குட்டி கிளாடிஸ். மெட்ராஸில் எம்.ஏ. மானிடவியல் படிக்கிறாள். ஆய்வு எழுத ஊருக்கு வந்து, அப்பா அம்மா இல்லாத பிள்ளை வேறு எங்கே போவாள், அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள்.

படிப்பு அவளுக்கு ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்பியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் தெருவே வேறு. விடிகாலையில் குசினி ஜன்னலில் நின்று பார்ப்பாள். உப்புக் காற்றில் ஊர் பாதி கரைந்தாற்போல் கிடக்கும். வள்ளங்கள் பாய் விரித்துக் கரைக்காற்றில் சத்தமில்லாமல் நழுவும். புதுத் துறைமுகத்தில் கல் கொட்டும் ஓசை வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் வரும். அந்த நேரத்தில், ஒருத்தர் பீடிக்கு இன்னொருத்தர் நெருப்பு கொடுப்பதுகூட ஏதோ பெரிய விதிக்கு அடங்கி மெதுவாக நடப்பதுபோல் தெரியும். விழித்திருக்கிறாளா கனவு காண்கிறாளா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

"ஏளா, நின்னுக்கிட்டே உறங்காத," என்றாள் பிலோமினா. "பிளாரன்ஸ் மைனி கிண்ணத்தக் குடுத்துட்டு வா."

எதிர்வீட்டிலிருந்து நேற்று இறால் வறுவல் வந்த கிண்ணம்.

"வெறுங்கிண்ணமாவா அக்கா?"

"வெறுங்கிண்ணம் குடுப்பாங்களா? நாலு மக்ரூன் போட்டுக் குடு."

கிளாடிஸின் கண் மின்னியது. "பாத்தியா. ஒருத்தர் கொடுத்தா வாங்கணும், வாங்கினா திருப்பிக் கொடுக்கணும். ஆனா அதையே கொடுக்கக் கூடாது, உடனேயும் கொடுக்கக் கூடாது. கொடுத்தா உறவு அத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். உலகம் பூரா இப்படித்தானாம். இதுக்கு ஒரு தியரி இருக்கு."

"இதத் தெரிஞ்சுக்கவா உன்ன மெட்ராசுக்கு அனுப்புனோம்? பிளாரன்ஸ் மைனிகிட்ட கேட்டா ஓசியில சொல்லிருப்பாவ."

கேலி செய்தாலும் தங்கை படிப்பின்மேல் பிலோமினாவுக்குப் பெருமை உண்டு. தெருவுக்கே உண்டு. அதற்குக் காரணம் அந்த மூன்று நிறுத்தம்.

கிளாடிஸ் ஊருக்கு வந்த புதிதில் கண்டுபிடித்தது அது. கடலிலிருந்து திரும்பும் வளன் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஈர மணலில் ஒரு தடவை நிற்பான். வழியில் சிலுவை நட்டிருக்கும் குருசடி முன்னால் ஒரு தடவை. வீட்டு வாசற்படியில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கை வைத்து, கடலைத் திரும்பிப் பார்த்து, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். பார்க்கிற யாருக்கும் பேசத் தோன்றாது.

கிளாடிசுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வகுப்பில் படித்தது அப்படியே கண்முன் நின்றது. மனிதன் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நேராகத் தாவ மாட்டான். முதலில் ஒன்றைவிட்டுப் பிரிவான். அப்புறம் இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் நடுவாசலில் நிற்பான். அப்புறம்தான் புதிய இடத்தில் சேர்வான். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாச் சடங்குக்கும் இந்த மூன்று கட்டம் உண்டாம். கடலின் அடிவரை போய் வந்த மனிதன் மறுபடி கரை மனிதனாக மாறுகிறான், அதற்குத்தான் மூன்று நிறுத்தம்.

"அப்படித்தானா அத்தான்?" என்று வளனையே கேட்டாள்.

அவன் அவளைச் சற்று நேரம் பார்த்தான். "ஆமா. எங்கய்யா காலத்துலருந்து உள்ளதுதான்."

அப்புறம் கேட்கவா வேண்டும். கோவில் சங்கத்தில் கிளாடிஸ் இதை எழுதி வாசித்தாள். சாமியாரே கைதட்டினார். அன்றிலிருந்து வளன் நிற்கும்போது தெரு வழிவிட்டது. பிலோமினா சும்மா இருப்பாளா? மூன்றாவது நிறுத்தத்துக்குச் சொம்பில் நல்ல தண்ணீரோடு வாசலில் காத்திருந்து, புருஷன் காலில் ஊற்றத் தொடங்கினாள். கடல் கழுவிப்போக வேண்டுமாம். இப்போது அது இல்லாமல் ஒரு நாளும் முடியாது.

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்த கிளாடிஸ், அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஏளா, அந்தக் கயித்துக்கு ஏதாவது தியரி இருக்கா?"

கேட்க வேண்டுமா? கிளாடிஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இருக்குக்கா. அதுதான் இருக்கதுலயே அழகானது. கல்யாணம்ங்கிறது பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல நடக்கதே இல்லையாம். ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல நடக்குது. ஒருத்தன் தங்கச்சியக் கொடுக்கான், ஒருத்தன் வாங்குதான். அந்த மச்சான் உறவுதான் ஊரையே கட்டி வச்சிருக்கு. மத்த எடத்துல அது கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஊர்ல மட்டும் கயிறாவே தெரியுது. அண்ணன் கையில ஒரு முனை, அத்தான் இடுப்புல ஒரு முனை. அந்தக் கயிறுதான் உன் கல்யாணம்."

சொல்லச் சொல்ல அவளுக்கே அது பிடித்திருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் ஒரு கயிறு இறங்கி இறங்கிப் போவதுபோல் கண்ணில் வந்தது. அக்கா முகத்தைப் பார்க்க மறந்துவிட்டாள்.

"அப்போ கயிறு கை மாறுனா?" என்றாள் பிலோமினா.

கிளாடிஸ் அப்போதுதான் அக்கா முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு. உன் படிப்புல என்ன அர்த்தம்?"

"அக்கா, அது சும்மா ஒரு..."

"என் கல்யாணம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதானே?"

பிலோமினா அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். இரண்டு மாதமாக அவர் பக்கத்தில் படுப்பதில்லை. முற்றத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்குகிறார். கேட்டால் புழுக்கம் என்கிறார். மார்கழியில் என்ன புழுக்கம்? வலை நூல் வாங்கப் போகிறேன் என்று போனவரைப் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் பார்த்ததாக பிளாரன்ஸ் மைனி சொன்னாள். நூல் வாங்க அங்கே ஏன் போக வேண்டும்? அங்கே எவள் இருக்கிறாள்? இத்தனையும் நெஞ்சுக்குள் வைத்திருந்தவளுக்கு ஒரு முடிச்சுத்தான் குறைவாக இருந்தது. அதைத் தங்கை தன் வாயாலேயே போட்டுக்கொடுத்துவிட்டாள்.

"என்ன வேண்டாம்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அண்ணனத் தள்ளிவிட்டு எனக்குத் தெரியவைக்கதா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். சேலைகளை மடித்து வைத்தாள். கல்யாணச் சேலையை மட்டும் எடுத்துப் பார்த்து, அதையும் வைத்தாள். பெட்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அவரு வரட்டும். காலுக்குத் தண்ணி ஊத்திட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். வழக்கத்த எதுக்குக் கெடுக்கணும்?"

இதுவரை தியரியால் எந்த வீடும் இடிந்ததில்லை என்று கிளாடிஸ் நினைத்திருந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் ரோச்சைத் தேடி ஓடினாள்.

ரோச் வள்ளக் கொட்டகையில் இருந்தான். கயிறு போன கைக்கு வேலை வேண்டுமே என்று எவனுடைய வள்ளத்துக்கோ பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். தங்கை சொன்னதை முழுக்கக் கேட்டான். உளியைக் கீழே வைத்தான்.

"பொம்பள விசயமா? வளனுக்கா?" என்றான். "அவன் கடலத் தவிர எதையும் நிமுந்து பாத்தவன் இல்லளா. ஆனா பிலோமினா வெளியேறி வாரான்னா, அவன நான் சும்மா விடமாட்டேன். இன்னைக்கு அவன் கரை ஏறட்டும்."

"அடிபிடி வேண்டாம்ணே. அவரு கரை ஏறி நிக்கும்போது யாரும் பேசக் கூடாது. மூணு நிறுத்தமும் முடியட்டும், வீட்ல வச்சுப் பேசுவோம்."

"எந்த மூணு நிறுத்தம்?"

கிளாடிஸ் விழித்தாள். தெருவே அறிந்த சங்கதி. அப்புறம்தான் புரிந்தது. வள்ளம் கரை தட்டியதும் ரோச் சங்கு மூட்டையை இறக்கிவைக்கக் கிட்டங்கிக்குப் போய்விடுவான். வளன் தனியாகத்தான் வீட்டுக்கு நடப்பான். சங்கத்தில் அவள் வாசித்த அன்று ரோச் சீட்டாடப் போயிருந்தான். அவள் விளக்கினாள்: ஈர மணல், குருசடி, வாசற்படி.

ரோச் சிரித்தான். "யாரு சொன்னா உனக்கு? எங்கய்யாவும் நின்னதில்ல, அவங்கய்யாவும் நின்னதில்ல. குளிச்சுட்டு வாரவனுக்குப் பசி வயித்தக் கிள்ளும். ஈரக் கைலியோட கடலப் பாத்துக்கிட்டு நிக்க கிறுக்கா பிடிச்சிருக்கு? ஓட்டமா வீட்டுக்கு வருவோம்."

"அத்தான்தாம்ணே சொன்னாவ. ஐயா காலத்துலருந்து உள்ளதுன்னு."

"வளனா சொன்னான்?"

சிரிப்பு அப்படியே நின்றது. ரோச் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். கயிறு ஓடி ஓடிக் காய்த்துப்போன கைகள்.

"போன மாசம் அவன் சரியில்ல," என்றான் மெதுவாக. "மேல வந்தா ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு மூச்சு வாங்கிட்டுத் திரும்ப இறங்குதவன், வள்ளத்துச் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டுக் கதை சொன்னான். வளன் கதை சொல்லிக் கேட்டிருக்கியா நீ? ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. நானும் சிரிச்சேன். ஒரு நாள் கேட்டேன், என்ன மாப்ள, மூச்சு பத்தலயான்னு. விளையாட்டாத்தான் கேட்டேன். அன்னைக்கு ராத்திரி சோத்துலதான் என்ன வேண்டாம்னான்."

கொட்டகைக்கு வெளியே வெயில் மணலில் தகதகத்துக்கொண்டிருந்தது. கிளாடிசுக்கு எல்லாம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. சுவரில் சாய்ந்து உறங்குகிறவன் படுத்தால் மூச்சு முட்டுகிறவன். பாளையங்கோட்டையில் இருப்பது பெரிய ஆஸ்பத்திரி. இடுப்பில் கை வைத்து அசையாமல் நின்றது கடலைக் கும்பிட இல்லை.

அவள் அதை எழுதி, வாசித்து, கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

"அண்ணே, கயிறு உன் கையில இருந்தா எல்லாம் உனக்குத் தெரிஞ்சுரும். உனக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அக்காவுக்குத் தெரிஞ்சுரும். அதுக்குத்தான் அத்தான் உன்ன விலக்கியிருக்காவ. கல்யாணத்த அறுக்கதுக்கு இல்ல."

ரோச் எழுந்தான். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

கடல்காற்று எழுந்து வள்ளங்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. வெயிலில் பாய்கள் தண்ணீரைத் தொடாமல் மிதந்து வருவதுபோல் இருந்தது. வளன் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஈர மணலுக்கு வந்தான். நின்றான். இடுப்பில் கை வைத்துக் கடலைத் திரும்பிப் பார்த்தான்.

சுற்றிலும் பேச்சு தணிந்தது. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கிளாடிஸ் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கைத் துடைத்த லேஞ்சித் துணியை அவன் கைக்குள் கசக்கிக்கொண்டான். அது சிவப்பாக இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"எத்தன நாளா அத்தான்?"

அவன் பேசுவதற்கு மூச்சு சேர வேண்டியிருந்தது.

"நீ வாரதுக்கு முன்னாலயே," என்றான். "நீ வந்து கேட்டியே, ஏன் மூணு எடத்துல நிக்கியன்னு. எனக்கு உயிரே போயிட்டு. படிச்ச புள்ள, கண்டுபிடிச்சுட்டான்னு நெனச்சேன். அப்புறம் நீயே சொல்லுத, கடல விட்டுக் கரைக்கு மாறுத சடங்கான்னு. மாதாவே உன் வாயில வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் நிம்மதியா நின்னேன்."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"படம் எடுத்தாங்க. நெஞ்சு வீங்கியிருக்காம். இனி முங்கக் கூடாதாம்." சிரித்தான். "கீழ இருக்கும்போது எனக்கு ஒண்ணும் செய்யல கிளாடிஸ். அங்கன சத்தமில்ல, பாரமில்ல. வெளிச்சம் மேலருந்து மெதுவா இறங்கி வரும். சங்கு கெடக்கும், எடுத்துக்கிடலாம். மேல வந்தாத்தான் நோயாளி. உங்கக்காவுக்குத் தெரிஞ்சா அன்னையோட கடல் முடிஞ்சுது. இந்த ஒரு சீசன் போகட்டும்னு பாத்தேன்."

ரோச் அவனிடம் வரவில்லை. நேரே சிலுவையிடம் போனான். "இன்னைக்கு உள்ள கூலிய நான் தாரேன் தம்பி. ஊருக்குப் போய்ட்டு வா," என்று சொல்லி, நனைந்த கயிற்றுச் சுருளை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அப்புறம்தான் வளன் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் கடலைப் பார்த்தான்.

"முங்குதியா இல்லயாங்கத நாளைக்குப் பேசுவோம் மாப்ள. கயிறு இன்னையிலருந்து என்கிட்ட."

"அவகிட்ட சொல்லிருவியா?"

"நீ கதை சொன்னப்போ நான் சிரிச்சேம்லா. அதுக்கே எனக்கு உறக்கம் வராது. முதல்ல வீட்டுக்கு வா."

அப்போதுதான் கிளாடிஸ் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அத்தான், அக்கா பெட்டியக் கட்டி வாசல்ல வச்சிருக்கா. நீங்க அவள வேண்டாம்னு சொல்லுததா நெனச்சுட்டா. எல்லாம் என்னால."

"பெட்டியா?"

வளன் திரும்பினான். மணலில் கால் புதையப் புதைய வேகமாக நடந்தான். கிட்டத்தட்ட ஓடினான். ரோச் "ஏலே, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனான். குருசடிக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது வளனுடைய கை தானாக நெஞ்சுக்குப் போனது. நின்றான். ரோச் சட்டென்று பக்கத்தில் போய்த் தோளோடு தோள் உரச நின்று, அவனும் இடுப்பில் கை வைத்துக் கடலைத் திரும்பிப் பார்த்தான். தெருவில் போன இரண்டு பேர் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

பிறகு குருசடியில் நின்றார்கள். இரண்டு பேரும். இல்லாத வழக்கம் ஒன்று தன் கண்ணெதிரே உண்மையாகிக்கொண்டிருந்ததைக் கிளாடிஸ் பார்த்தாள். இதற்கு எந்த வகுப்பிலும் பெயர் சொல்லித்தந்ததாக அவளுக்கு நினைவில்லை.

வாசலில் தகரப் பெட்டி இல்லை.

பிலோமினா சொம்போடு நின்றாள். தெரு நேராகக் கடற்கரைக்குப் போகிற தெரு. வாசலில் நின்றால் எல்லாம் தெரியும். அண்ணன் தோளில் கயிறு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கயிறுதான் கல்யாணம் என்று காலையில் படித்தாயிற்றே. பெட்டியை உள்ளே இழுத்துவிட்டு, கல்யாணச் சேலையை மட்டும் எடுத்து உடுத்திக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம்.

வளன் வாசற்படியில் நின்றான். ரோச்சும் நின்றான். அவள் புருஷன் காலில் தண்ணீர் ஊற்றினாள். சற்று யோசித்து அண்ணன் காலிலும் ஊற்றினாள்.

"அன்னைக்கு வச்ச சோத்த இன்னைக்காவது சாப்பிட்டுட்டுப் போ," என்றாள் அண்ணனிடம். ரோச் தலையாட்டினான்.

உள்ளே போகத் திரும்பியவள், ஏதோ ஞாபகம் வந்தவளாய்த் தங்கையைப் பார்த்தாள். நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள்.

"ஏளா கிளாடிஸ், மூணுதானே வழக்கம்? இன்னைக்குக் குருசடிக்கு முன்னால ஒரு தடவ கூடுதலா நின்னாவளே. அந்த நாலாவதுக்கு உன் படிப்புல என்ன அர்த்தம்?"

அண்ணனும் அத்தானும் அவளைப் பார்த்தார்கள். வளனின் கண்கள் கெஞ்சின. பிலோமினா காலிச் சொம்பைப் பிடித்தபடி, தங்கை எப்போதும்போல் அழகாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.